மைலேஜ் 46,000 / மைலேஜ் 152,000: மகளுக்கு எந்த மைவியை எடுப்பது?

சிப்புட்டுக்காரன் | திங்கள், இரவு 9:12

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். பெரிய மகளுக்கு ஈப்போவில் கணக்குத் தணிக்கை அலுவலகம் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் முதல் தேதி சேர வேண்டும். எங்கள் வீட்டு வாசலிலிருந்து அந்த அலுவலகத்துக்கு 30 கி.மீ. ஒரு காடி (கார்) இல்லாமல் முடியாது. இரண்டு மைவி (பெரோடுவா கம்பெனியின் சின்னக் காடி) பார்த்து வைத்திருக்கிறேன், இரண்டும் 2018, இரண்டும் 1.3 லிட்டர், ஆட்டோ கியர்.

ஒன்று, ஈப்போவில் பழைய காடி விற்கும் கடையில் நிற்கிறது. மீட்டர் 46,000 கி.மீ. விலை 32,500 வெள்ளி (ரிங்கிட்). "ஒரே ஓனர், டீச்சர் ஓட்டிய காடி" என்கிறார் கடைக்காரர்.

இன்னொன்றைச் சொந்தக்காரரே விற்கிறார். செம்பனை ஆலைகளில் கொதிகலன் பழுதுபார்க்கும் டெக்னீஷியன். மாதத்துக்கு இரண்டு மூன்று முறை நெடுஞ்சாலையில் கோலாலம்பூர் பக்கம் போய் வருபவர். மீட்டர் 152,000 கி.மீ. கேட்பது 27,500 வெள்ளி.

வீட்டில், "ஒன்றரை லட்சம் ஓடிய காடியையா பிள்ளை கையில் கொடுப்பீர்கள்?" என்று கேட்கிறார்கள். நான் தோட்டத்தில் 28 வருஷமாகக் கிராணி (குமாஸ்தா). செம்பனைக் குலையைப் பத்தடி தள்ளி நின்று பார்த்தே பழுத்ததா இல்லையா என்று சொல்லிவிடுவேன். காடி விஷயத்தில் கைநாட்டு. 5,000 வெள்ளி கூடப் போட்டு முதல் காடியை எடுப்பதா, வேண்டாமா?

மூனாங்கட்டை | திங்கள், இரவு 9:30

டீச்சர் ஓட்டிய காடியா! இந்த நாட்டில் டீச்சர் ஓட்டியதாகச் சொல்லி விற்கும் காடிகளை எண்ணினால், ஒவ்வொரு தோட்டப் பள்ளிக்கும் முந்நூறு டீச்சர் இருந்திருக்க வேண்டும், பிள்ளைகள் பன்னிரண்டு பேர்.

போர்மேன்_பாலா | திங்கள், இரவு 10:47

அண்ணே, முதலில் வகுத்துப் பாருங்கள். 46,000-ஐ ஏழு வருஷத்தால் வகுத்தால் ஆண்டுக்கு 6,500 சொச்சம், நாளுக்கு 18 கி.மீ. மற்றது ஆண்டுக்கு 21,700. காடி வியாபாரிகள் வாயில் புழங்கும் கணக்கு ஆண்டுக்கு 20,000. ஆக, 152,000 ஓடிய காடி ஊரோடு ஒத்த காடி. அதிசயக் காடி 46,000தான். அதிசயம் நடக்காது என்று சொல்லவில்லை, ஆனால் அந்தக் காடி தனக்குத்தானே சாட்சி சொல்ல வேண்டும்.

மீட்டரைத் திருப்புவது இப்போது பெரிய வித்தையே இல்லை. முன்பு எண் எழுதிய சக்கரங்கள் உருளும் மீட்டர். அதைக் கழற்றித் திருப்பினால் எண்கள் கோணலாக நிற்கும், கண் இருப்பவன் கண்டுபிடித்துவிடுவான். இன்றைக்கு எண் ஒரு சின்னச் சில்லுக்குள் இருக்கிறது. கருவியைச் செருகி வேண்டிய எண்ணை அடித்தால் பத்து நிமிஷ வேலை. வெளியே ஒரு கீறல்கூட இருக்காது.

அதனால் எண்ணை விட்டுவிட்டு, கையும் காலும் படும் இடங்களைப் பாருங்கள். பிரேக் மிதியின் ரப்பர். வலது காலின் கட்டைவிரல் அழுத்தும் மூலைதான் முதலில் மழுங்கும். ஸ்டீயரிங்கில் கடிகாரத்தின் பத்து மணியும் இரண்டு மணியும் இருக்கும் இடம் பளபளக்கிறதா? ஓட்டுநர் சீட்டில் ஏறி இறங்கும் பக்கத்து விளிம்பு அமுங்கி நூல் விட்டிருக்கிறதா? கதவு ஜன்னல் பட்டனில் ஓட்டுநர் பக்கத்து எழுத்து மட்டும் அழிந்திருக்கிறதா? பிரேக் டிஸ்க்கின் ஓரத்தில் விரல் நகத்தை வைத்து இழுங்கள். வரப்பு மாதிரி தட்டினால் அது நிறைய ஓடிய டிஸ்க்.

டயரின் பக்கச்சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 1418 என்றால் 2018-இன் பதினாலாவது வாரத்தில் செய்தது. காடியோடு வந்த டயர் இன்னும் இருந்து, பூவும் (ரோட்டில் படும் வரிகள்) நன்றாக இருந்தால் குறைவாக ஓடியது உண்மையாக இருக்கலாம். புது டயர் போட்டிருந்தால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஏழு வருஷக் காடிக்கு வயதைப் பார்த்தே டயர் மாற்றுவார்கள்.

கடைசியாக, சர்வீஸ் புத்தகத்தைக் கேளுங்கள். பெரோடுவாவில் 10,000 கி.மீ. அல்லது 6 மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது சர்வீஸ். போகிற ஒவ்வொரு முறையும் தேதியும் கி.மீ.யும் பதிவாகும். வெளி வர்க்‌ஷாப் என்றால் ரசீது இருக்க வேண்டும். ரெண்டும் இல்லாத 46,000 எனக்கு வெறும் எண்.

திருச்சி_செல்வம் | செவ்வாய், காலை 7:05

நான் ஈப்போவில் வேலை பார்க்கும் திருச்சிக்காரன். தலைப்பைப் பார்த்து ஒரு நிமிஷம் குழம்பிவிட்டேன். எங்கள் ஊரில் "மைலேஜ் எவ்வளவு?" என்றால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும் என்று அர்த்தம். இங்கே வந்த புதிதில் ஒருவரிடம் அப்படிக் கேட்டேன், "எண்பத்தையாயிரம்" என்றார். சரி, இந்த மைவி அந்தக் கணக்கில் எவ்வளவு கொடுக்கும்?

மூனாங்கட்டை | செவ்வாய், காலை 7:40

செல்வம், நாங்கள் அதை "எண்ணெய் சேமிக்குமா?" என்று கேட்போம். இங்கே மைலேஜ் என்றால் ஓடிய மொத்தம். ஆனால் மைலே இந்த நாட்டில் போய்விட்டது. 1972-இல் எடை அளவுச் சட்டம் வந்தது, பிறகு படிப்படியாக ரோட்டுப் பலகை எல்லாம் கிலோமீட்டர். பெயர் மட்டும் நாக்கை விட்டுப் போகவில்லை. பெருசுகள் இன்னும் "ஆறாங்கட்டைக்குப் பக்கத்தில்" என்றுதான் வழி சொல்வார்கள். என் பெயரே ஒரு மைல்கல்தானே. மலாய்க்காரர்கள் "பத்து" (batu, கல்) என்பதும் அதே கல்தான்.

எங்கள் தாத்தா வைத்திருந்த மோரிஸ் மைனரில் மீட்டருக்கு அஞ்சே இலக்கம், அதுவும் மைலில். 99,999 முடிந்தால் திரும்பவும் 00000. யாரும் திருப்ப வேண்டியதில்லை, தானே புதுக் காடி ஆகிவிடும்.

சிரிப்புக்காக மட்டும் சொல்லவில்லை. பிரிட்டனிலிருந்து இறக்கிய ரிகண்டிஷன் காடி வாங்குகிறவர்கள் மீட்டர் மைலிலா கிலோமீட்டரிலா என்று பாருங்கள். 40,000 மைல் என்றால் 64,000 கி.மீ. ஜப்பானிலிருந்து வந்தது கிலோமீட்டரில் இருக்கும், ஏலத் தாளில் ஓடிய தூரமும் எழுதியிருக்கும். அந்தத் தாளைக் காட்டச் சொல்லுங்கள்.

டீச்சரம்மா | செவ்வாய், பிற்பகல் 3:22

டீச்சர்களைக் கிண்டல் செய்தது போதும். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை, ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம். என் 2016 ஆக்சியாவில் இன்றைக்கு 41,300 கி.மீ. யாரும் நம்புவதில்லை. வீட்டிலிருந்து பள்ளிக்கு நாலு கி.மீ. வார இறுதியில் சந்தை, கோயில். மாதத்துக்கு இரண்டு முறை ஈப்போ. அவ்வளவுதான் என் உலகம்.

அப்படிப்பட்ட காடியின் கதையையும் கேளுங்கள். 10,000 ஆனால்தான் சர்வீஸ் என்று நினைத்துக்கொண்டு எட்டு வருஷத்தில் நாலே முறை எண்ணெய் மாற்றினேன். ஆறு மாதம் என்ற பாதியை நான் படிக்கவே இல்லை. போன வருஷம் வர்க்‌ஷாப்பில் எஞ்சின் எண்ணெய் மூடியைத் திறந்து உள்பக்கத்தைக் காட்டினார்கள். காய்ச்சிய பாலில் படியும் ஆடை மாதிரி வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. நாலு கி.மீ. ஓட்டத்தில் எஞ்சின் நன்றாகச் சூடேறும் முன்பே பள்ளி வந்துவிடுகிறது. உள்ளே சேரும் ஈரம் ஆவியாகிப் போக நேரமில்லை. அதுதான் எண்ணெயோடு கலந்து இப்படி ஆகிறதாம். பேட்டரியை மூன்று முறை மாற்றிவிட்டேன். டயர் பூ தேயாமலே பக்கச்சுவரில் வெடிப்பு விட்டுவிட்டது.

என் காடியை விற்றால் "டீச்சர் ஓட்டியது, 41,000" என்று நல்ல விலை வரும். அதில் பொய்யும் இருக்காது. ஆனால் வாங்குகிறவர் ஒரு நல்ல எஞ்சினை வாங்குகிறாரா என்று எனக்கே சந்தேகம்.

டிராக்டர்_மணியம் | செவ்வாய், இரவு 8:15

அக்கா சொன்னது சரி. நான் தோட்டத்து வர்க்‌ஷாப் ஆள். எங்கள் டிராக்டரில் கி.மீ. மீட்டர் கிடையாது, மணி மீட்டர்தான். 250 மணி நேரம் எஞ்சின் ஓடினால் எண்ணெய் மாற்று. குலை ஏற்றும்போது நின்ற இடத்திலேயே ஓடினாலும் எஞ்சினுக்கு அது உழைப்புதானே.

காடிக்கும் அப்படித்தான். சமிக்ஞை விளக்கில் அரை மணி நேரம் நின்றால் மீட்டர் நகராது, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் மேனேஜர் ஓட்டும் நாலு சக்கர பிக்-அப் 60,000 தாண்டவில்லை. அப்சார்பர், புஷ், பேரிங் எல்லாம் ஒரு தரம் மாற்றியாகிவிட்டது. முழுக்கச் செம்மண் ரோடு, மழை பெய்தால் குண்டுக்குள் குண்டு. அதே 60,000 நெடுஞ்சாலையில் ஓடியிருந்தால் பிரேக் பேட் மட்டும் மாற்றிவிட்டுப் போயிருப்போம். எங்கே ஓடியது என்று கேட்காமல் எவ்வளவு ஓடியது என்று மட்டும் கேட்டு என்ன செய்வது?

கணக்குப்பிள்ளை | செவ்வாய், இரவு 9:50

எல்லோரும் சேர்ந்து 152,000-க்குக் கொடி பிடிக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். மகள் எவ்வளவு ஓட்டப் போகிறார் என்று யாரும் கேட்கவில்லையே.

போக வர 60 கி.மீ., மாதம் 22 நாள் வேலை, 1,320 கி.மீ. ஆண்டுக்கு 15,840. சனி ஞாயிறும் சேர்த்தால் 19,000 என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருஷத்தில் 95,000. முதல் காடி உண்மையாக 46,000 என்றால் அப்போது 141,000-இல் நிற்கும், திரும்ப விற்கலாம். இரண்டாவது 247,000. அதை யார் வாங்குவார்? அந்த நேரத்தில் கியர்பாக்ஸ் ஏதாவது கோளாறு காட்டினால் மிச்சம் பிடித்த 5,000 வெள்ளி அங்கேயே போய்விடும்.

இன்னொன்று, லோன் போட்டால் பேங்க் பார்ப்பது காடியின் வயது. இரண்டும் 2018 என்பதால் பேங்குக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று. கூடக் கொடுக்கும் 5,000-க்குப் பெரும்பாலும் கையிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

பெட்ரோலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 14 கி.மீ. என்று போட்டால் வேலைக்குப் போக மட்டும் மாதம் 94 லிட்டர். மைகார்டு (அடையாள அட்டை) காட்டி மானிய விலை 1.99-க்கு ஊற்றினால் 187 வெள்ளி. இது இரண்டு காடிக்கும் பொது.

போர்மேன்_பாலா | செவ்வாய், இரவு 10:20

கணக்குப்பிள்ளை, உங்கள் கணக்கில் தப்பில்லை. "உண்மையாக 46,000 என்றால்" என்று ஒரு வார்த்தை போட்டீர்களே, மொத்தக் கணக்கும் அதன் தலையில்தான் உட்கார்ந்திருக்கிறது. 46,000 என்று காட்டுவது நிஜத்தில் 140,000 என்றால், 100,000-இல் செய்ய வேண்டிய வேலை எதையும் யாரும் செய்திருக்க மாட்டார்கள். செய்தால் குட்டு உடைந்துவிடுமே. இந்த மைவி எஞ்சினில் டைமிங் செயின், அதனால் பழைய கான்சில் காடி மாதிரி பெல்ட் அறுந்துவிடும் என்ற பயம் இல்லை. ஆனால் ஸ்பார்க் பிளக், கியர் எண்ணெய், கூலண்ட், எஞ்சின் மவுண்டிங் எல்லாவற்றுக்கும் ஒரு நாள் இருக்கிறது. 152,000 என்று வெளிப்படையாகக் காட்டும் காடியில் எதை மாற்றினார்கள், எது பாக்கி என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

பெல்ட் எஞ்சின் வாங்குகிறவர்கள், பழைய காம்ப்ரோ எஞ்சின் சாகா காடி மாதிரி, இதை இரண்டு தரம் படியுங்கள். மீட்டரை நம்பி பெல்ட்டை மாற்றாமல் விட்டு ரோட்டில் அறுந்து என்னிடம் தூக்கி வந்தவர்கள் இருக்கிறார்கள்.

சந்துரு_லீஸ் | புதன், காலை 11:02

கொஞ்சம் தடம் மாறிப் பேசுகிறேன், மன்னிக்கவும். காடியே வாங்காமல் மாதச் சந்தாவுக்கு எடுக்கலாமா என்று யாராவது நினைத்தால் என் கதை உதவும்.

மூன்று வருஷ ஒப்பந்தம். இன்சூரன்ஸ், சாலை வரி, சர்வீஸ் எல்லாம் அவர்கள் செலவு. ஆண்டுக்கு 20,000 கி.மீ. வரை ஓட்டலாம். கூடினால் கிலோமீட்டருக்கு 25 சென். கையெழுத்துப் போடும்போது 20,000 என்பது கடல் மாதிரி தெரிந்தது. அப்போது ஈப்போவில் குடியிருந்தேன். கல்யாணம் ஆகி மாமனார் வீட்டோடு சுங்கை சிப்புட்டுக்கு வந்தேன். திருப்பிக் கொடுக்கும்போது மீட்டர் 71,400. கூடுதல் 11,400 கி.மீ., கட்டியது 2,850 வெள்ளி. அதற்கே கடைசி நாலு மாதம் காடி பந்தலில் நிற்க, நான் மாமனாரின் பழைய மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போனேன். மழைக்கோட்டோடு என்னைப் பார்த்து, "மாப்பிள்ளை காடி ரிப்பேரா?" என்று தெருவே கேட்டது.

சொந்தக் காடி என்றால் கூட ஓடினால் விற்கும்போது கொஞ்சம் விலை குறையும், பேரம் பேசலாம். லீஸில் அது பில்லாகவே வரும். வரம்பு ஆண்டுக்கு ஆண்டு எண்ணப்படுகிறதா, மூன்று வருஷத்துக்குச் சேர்த்தா என்று முதலிலேயே கேளுங்கள். நான் கேட்கவில்லை. நல்ல வேளை, என்னுடையது சேர்த்து.

சிப்புட்டுக்காரன் | சனி, மாலை 6:40

இன்று காலை மகளோடு போய் முதல் காடியைப் பார்த்தேன். பாலா தம்பி சொன்னதை எல்லாம் தாளில் எழுதிக்கொண்டு போனேன்.

மிதி ரப்பர் புத்தம் புதியது. ஸ்டீயரிங்குக்குத் தோல் உறை தைத்திருக்கிறார்கள். சீட்டுக்கும் புது உறை. டயர் நாலும் புதியது. எதைப் பார்க்கச் சொன்னீர்களோ அது எதுவும் பழசாக இல்லை. கேட்டால், "விற்பனைக்கு வைக்கும் காடியை எல்லாம் இப்படித்தான் புதுப்பிப்போம்" என்கிறார். அதுவும் நியாயமாகத்தான் படுகிறது.

சர்வீஸ் புத்தகம்? "ஓனர் தொலைத்துவிட்டார்." ஓனரிடம் பேசலாமா? "அவர் ஊரில் இல்லை." சர்வீஸ் சென்டரில் பதிவு எடுத்துத் தர முடியுமா? "அதெல்லாம் டைம் ஆகும் அண்ணே, இன்னொரு கஸ்டமர் நாளைக்கு டெபாசிட் கட்ட வருகிறார்."

பானட்டைத் திறந்தார்கள். பேட்டரியின் மேல் கறுப்பு மார்க்கர் பேனாவில் யாரோ எழுதியிருந்தார்கள்: "3/23" என்று ஒரு வரி, அதன் கீழே "91". 2023 மார்ச் என்பது தேதி. 91 என்ன? மகள்தான் முதலில் கவனித்தாள். கடைக்காரர் "பேட்டரிக் கடை நம்பராக இருக்கும்" என்றார். போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

மூனாங்கட்டை | சனி, மாலை 6:58

91 ஆயிரம்! வேறென்ன? ஓடி வந்துவிடுங்கள் அண்ணே.

கணக்குப்பிள்ளை | சனி, இரவு 7:15

அவசரப்படாதீர்கள். பேட்டரியின் சீரியலாக இருக்கலாம், கொண்டுவந்து போட்ட பையனின் குறியாக இருக்கலாம். ஒரு 91-ஐ வைத்து ஒருவரைத் திருடன் என்று சொல்லக்கூடாது.

போர்மேன்_பாலா | சனி, இரவு 8:03

பேட்டரி போடுகிற பையன்கள் தேதியும் கி.மீ.யும் எழுதுவது உண்டு, வாரண்டி தகராறு வந்தால் பார்க்க. அதனால் எனக்கும் 91,000 என்றுதான் தோன்றுகிறது. நிரூபிக்க முடியாது என்பதும் உண்மை.

ஒரு வழி இருக்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி துளையில் (காடியின் கணினியைப் படிக்கும் இணைப்பு) ஸ்கேனரைச் செருகினால், பல காடிகளில் "பிழைக் குறியீடுகளை அழித்த பின் ஓடிய தூரம்" என்று ஒரு எண் வரும். மீட்டரைத் திருப்புகிறவர்கள் இதை மறந்துவிடுவார்கள். என்னிடம் வந்த ஒரு ஜப்பான் செடானில் மீட்டர் 48,000, அந்த எண் 61,000. காடி பிறந்ததிலிருந்து ஓடியதைவிட, நடுவில் ஒரு நாள் அழித்த பிறகு ஓடியது எப்படிக் கூடும்? வாங்க வந்தவர் பேசாமல் எழுந்து போனார். இது 65,535 வரைதான் எண்ணும். பிழையை அழித்தாலோ சில காடிகளில் பேட்டரியைக் கழற்றினாலோ திரும்பப் பூஜ்யம். அதனால் சின்ன எண் வந்தால் அது நல்ல சர்டிபிகேட் இல்லை, பெரிய எண் வந்தால் மாட்டினார்கள்.

அதோடு, மீட்டர் பெட்டியே கெட்டுப்போய் வேறு பெட்டி மாற்றிய நேர்மையான காடிகளும் உண்டு. அவற்றுக்கு ரசீது இருக்கும்.

வழக்கு_வாணி | சனி, இரவு 9:27

சட்டப் பக்கத்தை நான் சொல்கிறேன். குறைந்த கி.மீ. காட்டி வியாபாரத்தில் விற்பது, பொருளைப் பற்றித் தவறான விவரம் கொடுப்பது. 2011-ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டத்தில் அது குற்றம். முதல் தடவைக்குத் தனி ஆள் என்றால் 100,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 3 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும். கம்பெனி என்றால் 250,000 வெள்ளி வரை. உள்நாட்டு வாணிப அமைச்சில் புகார் செய்யலாம்.

பணத்தைத் திரும்பப் பெற, பயனீட்டாளர் தீர்ப்பாயம். 50,000 வெள்ளி வரை கோரலாம், மனுக் கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை, மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். ஆனால் அது வியாபாரிகளிடம் வாங்கியதற்குத்தான். அண்ணனின் இரண்டாவது காடி தனி ஆளிடம் வாங்குவது. அதில் ஏமாந்தால் தீர்ப்பாயம் கிடையாது, கோர்ட்டுதான். இதை மறந்துவிட்டு "ஓனரிடம் நேரடியாக வாங்கினால் பத்திரம்" என்று பலர் நினைக்கிறார்கள்.

எங்கே வாங்கினாலும் மீட்டர் எண்ணை வாங்கும் தாளில் எழுதி, விற்பவரின் கையெழுத்தை வாங்குங்கள். வாயால் சொன்ன 46,000-க்கு எந்த மன்றத்திலும் எடை இல்லை. "மைலேஜுக்குப் பொறுப்பல்ல" என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். பெயர் மாற்றத்துக்குப் புஸ்பாகோமில் (வாகனச் சோதனை நிலையம்) செய்யும் பி5 சோதனையை நம்பி இருக்காதீர்கள். அங்கே பார்ப்பது எஞ்சின் எண், சேசிஸ் எண் போன்ற அடையாளங்கள். மீட்டருக்கு யாரும் முத்திரை குத்துவதில்லை.

சிப்புட்டுக்காரன் | ஞாயிறு, இரவு 8:55

வாணி அம்மா சொன்னபடி கடைக்காரருக்குப் போன் செய்து, "46,000 என்று இன்வாய்ஸில் எழுதிக் கொடுங்கள், சாயந்திரமே டெபாசிட் கட்டுகிறேன்" என்றேன். "மீட்டரில் இருப்பதை மீட்டரில் பார்த்துக்கொள்ளலாமே, அதை எதற்கு எழுதுவது?" என்றார். சரி என்று வைத்துவிட்டேன். 91 என்னவோ எனக்கு இன்னும் தெரியாது.

மத்தியானம் இரண்டாவது காடியைப் பார்க்கப் போனோம். மனிதர் பேச்சே குறைவு. ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே ரசீதுகள், ரப்பர் பேண்ட் போட்டு வருஷவாரியாக. சர்வீஸ் புத்தகத்தில் பதினைந்து முத்திரை. 100,000-இல் பிளக் மாற்றியது, 120,000-இல் கியர் எண்ணெய், போன வருஷம் முன் அப்சார்பர் இரண்டும். நடுவில் ஒரு இடத்தில் 70,000-க்கும் 90,000-க்கும் இடையே ஒரு முத்திரை விட்டிருந்தது. கேட்டேன். "2020, கொரோனா நேரம். வர்க்‌ஷாப் மூடியிருந்தது, நானே எண்ணெய் வாங்கி ஊற்றினேன்" என்றார். அந்த எண்ணெய் வாங்கிய கடை ரசீதையும் டின்னிலிருந்து எடுத்துக் காட்டினார்!

மிதி ரப்பரின் வலது மூலை மழமழவென்று தேய்ந்திருந்தது. ஸ்டீயரிங் பளபளப்பு. பார்த்ததும் எனக்கு ஒரு நிம்மதி, ஏன் என்று தெரியவில்லை. நாளை சாயந்திரம் நம் போர்மேனிடம் (மெக்கானிக்) தூக்கிக் காட்டப் போகிறேன்.

டிராக்டர்_மணியம் | ஞாயிறு, இரவு 9:04

பிஸ்கட் டின்னில் ரசீது வைக்கிற ஆளிடம் காடி மட்டுமில்லை, வீடே வாங்கலாம்.

சிப்புட்டுக்காரன் | வியாழன், இரவு 9:33

போர்மேன் தூக்கிப் பார்த்தார். கீழ்க்கை புஷ் இரண்டும் வெடித்திருக்கிறது, எஞ்சின் மவுண்டிங் ஒன்று போய்விட்டது, பின் சக்கர பேரிங் ஒன்று முனகுகிறது. மொத்தம் 1,400 வெள்ளி ஆகும் என்றார். எஞ்சின், கியர் இரண்டும் சுத்தம், எண்ணெய் மூடிக்கடியில் பாலாடை இல்லை (டீச்சரம்மா, முதலில் அதைத்தான் திறக்கச் சொன்னேன்).

அந்தப் பட்டியலைக் காட்டினேன். 27,500-இலிருந்து 26,000-க்கு இறங்கினார். தாளில் "152,610 கி.மீ." என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பெயர் மாற்றம் முடிந்தது. கணக்குப்பிள்ளை சொன்ன 247,000 என் மண்டையில் இருக்கிறது. மிச்சமான காசில் ரிப்பேர் போக 5,000-ஐ மகள் பெயரில் தனியாகப் போட்டுவிட்டோம், கியர்பாக்ஸ் நிதி என்று பெயர் வைத்து.

வீட்டில் இன்னும் முழு மனசில்லை. காடி வந்த அன்று எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றும்போது மீட்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதற்கு நான் கல்யாணமாகி வந்த வயசு இருக்கும்போல" என்றார்கள்.

திருச்சி_செல்வம் | வியாழன், இரவு 9:50

வாழ்த்துகள் சார்! நான் கேட்ட மைலேஜுக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.

போர்மேன்_பாலா | வியாழன், இரவு 10:01

மகளிடம் சொல்லுங்கள் அண்ணே. டாங்கை நிரப்பி, பம்ப் தானாக நின்றதும் ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்க வேண்டும். அடுத்த முறை அதே நிலையத்தில் அதே மாதிரி நிரப்பி, ஓடிய கி.மீ.யை ஊற்றிய லிட்டரால் வகுக்க வேண்டும். டேஷ்போர்டு காட்டும் சராசரியை நம்ப வேண்டாம், அது கொஞ்சம் தாராள மனசு.

சிப்புட்டுக்காரன் | இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, காலை 10:18

செல்வம் தம்பி, மகள் நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். 386 கி.மீ., 28.4 லிட்டர். லிட்டருக்கு 13.6.

திருச்சி_செல்வம் | ஞாயிறு, காலை 10:25

ஏசி போட்டா, போடாமலா சார்?